கசார்வாடிக் கோயிலும் இரண்டு விரல் நடையும்

நான் ஓய்வு பெற்ற அன்று ஆபீஸில் கேக் வெட்டினார்கள். கையில் ஒட்டிய க்ரீமைத் துடைத்துக்கொண்டிருந்தபோது காவ்யா ஒரு கேள்வி கேட்டாள். கோயம்புத்தூரிலிருந்து வந்து புனே வாகட்டில் குடியிருக்கும் பெண், எங்கள் ஆபீஸின் இளைய ஆர்க்கிடெக்ட்.

"மேம், இத்தன வருஷம் பில்டிங் டிசைன் பண்ணியிருக்கீங்க. உங்க ஸ்டைல் என்னன்னு கேட்டா என்னங்க மேம் சொல்லுவீங்க?"

அதற்குள் இன்னொரு பிள்ளை கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டியது. இப்போதெல்லாம் நாலு வார்த்தை தட்டினால் படம் வந்து நிற்கிறது. கோதிக் என்றால் கோதிக், பேஷ்வா காலத்து வாடா வீடு என்றால் வாடா வீடு, இரண்டையும் கலந்து கேட்டால் அதுவும் தயார். அழகாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். வாடா வீட்டின் நடுமுற்றத்தில் துளசி மாடம், பக்கத்தில் பித்தளை விளக்கு, பட்டுப்புடவையில் ஒரு பெண்மணி. அந்த அம்மாள் காலில் பூட்ஸ் போட்டிருந்தாள்.

"எல்லாம் சரி, செருப்பை எங்க விடுவாங்க?" என்று கேட்டேன்.

பிள்ளைகள் சிரித்தார்கள். மேடம் கடைசி நாளிலும் ஆரம்பித்துவிட்டாள் என்று அர்த்தம். அவர்களுக்குத் தெரியாது, அது என் கேள்வியே இல்லை, எனக்குக் கிடைத்த கேள்வி. கேக் தட்டோடு நின்று அதை விளக்க முடியாது என்பதால் இங்கே எழுதுகிறேன். தமிழில் எழுதுவதில் ஒரு சௌகரியம் உண்டு. அந்த ஆபீஸில் ஒருவரும் படிக்கப் போவதில்லை. காவ்யாவே அம்மாவிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லித்தான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

நான் புனேயை ஒட்டிய கட்கி கன்டோன்மென்ட்டில் பிறந்து வளர்ந்தவள். அப்பாவின் தாத்தா வேலூர்ப் பக்கத்திலிருந்து பட்டாளத்தோடு வந்து இங்கேயே தங்கிவிட்டவர். வீட்டில் தமிழ்தான் பேசுவோம், ஆனால் பாஜி, சுட்டா, பஸ்தா என்று மராத்தியும் ஹிந்தியும் அதில் ஏறி உட்கார்ந்திருக்கும். அப்பா சாமுவேல், பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தார். கட்கியில் அவரை சாமுவேல் மாஸ்டர் என்றால்தான் தெரியும். தினமும் பாலிஷ் போட்ட கறுப்பு ஷூ, இழுத்துக் கட்டிய லேஸ். காய்ச்சலில் படுத்திருந்தபோதுகூட அம்மாவைப் பாலிஷ் டப்பாவை எடுத்து வரச் சொன்ன மனுஷன். நான் புனேயிலேயே கட்டடக்கலை படித்தேன், சுமாராகத் தேறினேன். சதாசிவ் பேட்டில் பர்வே சாரின் ஆபீஸில் வேலை கிடைத்தது. படிப்பைப் பற்றிச் சொல்ல அவ்வளவுதான் இருக்கிறது, ஏனென்றால் நான் படித்தது முழுக்க அதற்குப் பிறகுதான்.

பர்வே சார் குள்ளமான, வெள்ளைச் சட்டை போட்ட, மெதுவாகப் பேசும் மனிதர். கோபம் வந்தால் இன்னும் மெதுவாகப் பேசுவார், அப்போதுதான் நாங்கள் பயப்படுவோம். முதல் வாரத்தில் ஒரு பங்களாவின் முகப்பை நிழலெல்லாம் தீட்டி வரைந்து அவர் மேஜையில் வைத்தேன். அதை எடுத்துக் குப்புறக் கவிழ்த்தார். பிறகு அதன் தரை வரைபடத்தை விரித்து, சுட்டுவிரலையும் நடுவிரலையும் இரண்டு காலாக ஊன்றி, கேட்டிலிருந்து நடக்க ஆரம்பித்தார். விரல்கள் வாசலில் நின்றன.

"சப்பல் குட்டே?" என்றார். செருப்பு எங்கே என்று மராத்தியில் கேட்கிறார்.

அவர் அவசரப்படவில்லை. மழை பெய்கிறது, குடை சொட்டுகிறது, ஒரு கையில் காய்கறிப் பை. இப்போது ஒற்றைக் காலில் நின்று செருப்பை எங்கே கழற்றுவது, கழற்றிய கால் எந்தத் தரையில் படும், ஈரமா, காய்ந்ததா? எல்லாவற்றையும் அந்த இரண்டு விரலை வைத்துக்கொண்டே கேட்டார். நான் சொன்ன பதில்கள் எல்லாம் தப்பு. கடைசியில் மட்டும் தாளைத் திருப்பி என் முகப்பைப் பார்த்து, "நன்றாக வரைகிறாய். வீட்டுக்குள் போன பிறகு வரை" என்றார்.

அதன்பின் எந்த வேலையிலும் அந்த விரல் நடை தப்பாது. ஒருவர் வெளிநாட்டுப் பத்திரிகையைக் கொண்டுவந்து, ஸ்பானிஷ் பாணியில் வீடு வேண்டும் என்றார். சார் முகம் சுளிக்கவில்லை. வளைவும் ஓடும் எத்தனை கேட்டாரோ அத்தனையும் கொடுத்தார். ஒன்று மட்டும் கேட்டார்: "அவர்கள் ஷூவோடு படுக்கை அறை வரை போவார்கள். நீங்கள்?" வந்தவர் மனைவியைப் பார்த்தார். மனைவி பார்த்த பார்வையில் பதில் இருந்தது. வாசலை ஒட்டி உள்வாங்கிய ஓர் இடமும், அதற்கப்புறம் உயரமான ஒரு படியும் அன்றைக்கே வரைபடத்தில் ஏறின. மனிதர்கள் ஆசைப்படும் வடிவத்தை அவர் ஒருநாளும் கேலி செய்து நான் பார்த்ததில்லை. அவர்கள் வாழும் விதத்தை அதற்காக விட்டுக்கொடுத்தும் பார்த்ததில்லை.

இனி கசார்வாடிக்கு வருகிறேன். எனக்கு எல்லாவற்றையும் கற்றுக்கொடுத்த வேலை அதுதான்.

கட்கியில் தமிழ்க் கிறிஸ்தவர்களான எங்களுக்கென்று தனிச் சர்ச் கிடையாது. வெள்ளைக்காரர்கள் கருங்கல்லில் கட்டிய பழைய சர்ச்சில், இங்கிலீஷ் ஆராதனை முடிந்த பிறகு, மதியத்தில் எங்கள் தமிழ் ஆராதனை நடக்கும். முனை கூர்ந்த ஜன்னல்கள், தேக்கு பெஞ்சுகள், ஷூ போட்ட கால்கள். வருகிறவர்கள் குறைந்துகொண்டே போனதால், அந்த நேரத்தை இனித் தர முடியாது என்று நிர்வாகத்தில் சொல்லிவிட்டார்கள். இன்னொரு பக்கம், போசரி தொழிற்பேட்டையில் வேலை செய்யும் திருநெல்வேலிக்காரர்கள் கசார்வாடியில் ஒரு ஷெட்டை வாடகைக்கு எடுத்து ஆராதனை நடத்தி வந்தார்கள். பாய் விரித்துத் தரையில் உட்காருவார்கள். செருப்பெல்லாம் வெளியே கிடக்கும். இரண்டு கூட்டமும் சேர்ந்து கசார்வாடியில் ஒரு மனை வாங்கியது. தனித்தனியாகக் கட்ட இரண்டு பேருக்கும் சக்தியில்லை.

வாங்கியதோடு சரி, அடுத்த கூட்டத்திலேயே சண்டை. எங்கள் பக்கத்துக்கு அப்பா தலைவர். அந்தப் பக்கத்துக்கு செல்வராஜ், போசரியில் லேத் பட்டறையில் ஃபோர்மேன், அப்பாவைவிட வயதில் சின்னவர், குரலில் பெரியவர். பெஞ்ச் இல்லாவிட்டால் கட்கிக் குடும்பங்கள் வராது என்றார் அப்பா. "தரையில சம்மணம் போட்டு உக்காந்து பஜனை பண்றதுக்கா நான் வர்றது?" என்று வேறு கேட்டுவிட்டார். செல்வராஜ் எழுந்து, "செருப்புக் காலோட ஆண்டவர் சந்நிதிக்குள்ள எங்க சனம் வராது சார். மனையை வித்துட்டு அவங்கவங்க பாதையில போயிருவோம்" என்றார். போதகர் ஜெபம் பண்ணிக் கூட்டத்தை முடிக்க வேண்டியதாயிற்று.

மனையை விற்றால் செல்வராஜின் ஆட்களுக்கு வாடகை ஷெட்டாவது மிஞ்சும். அப்பாவுக்கு ஒன்றும் மிஞ்சாது. இளைஞனாக இருந்த காலத்திலிருந்து ஞாயிறுதோறும் தமிழில் வேதம் வாசித்தவர் அவர். வாழ்நாள் முழுக்கப் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் பேசிய மனிதருக்குத் தமிழை உரக்க வாசிக்கக் கிடைத்த ஒரே இடம் அதுதான். அது போய்விடும் என்று அவருக்கும் தெரியும். தெரிந்தும் இறங்கி வரமாட்டார், அதுதான் சாமுவேல் மாஸ்டர். சாப்பாட்டு மேஜையில் அம்மா ஜாடையாகச் சொல்லிப் பார்த்தாள். "சோத்தப் போடு" என்று பதில் வந்தது.

வேலையை எங்கள் ஆபீஸுக்கே கொடுப்பது என்பதில் மட்டும் இரண்டு பக்கத்துக்கும் சம்மதம். மாஸ்டர் பொண்ணு அங்கே இருக்கிறாள் என்பதுதான் காரணம். எதை வரைந்தாலும் ஒரு பக்கம் கிழித்துப்போடும், ஒரு பக்கத்தில் என் அப்பா இருக்கிறார். இதையெல்லாம் சாரிடம் சொல்லலாம் என்று இருந்த வாரத்தில் அவர் என்னை சைட் வேலையாக நாசிக்குக்கு அனுப்பிவிட்டார். அந்த வாரத்தில்தான் செல்வராஜ் ஆபீஸுக்குப் போன் போட்டார், சாரே எடுத்தார். பட்டறை ஹிந்தியில் செல்வராஜ் சொன்னது இது: "சாப், ஹம்கோ மந்திர் பனானா ஹை. கசார்வாடி மே. ஹமாரா மதராசி லோக் கா மந்திர்."

கசார்வாடியில் எங்கள் மதராசி ஜனங்களுக்கு ஒரு மந்திர் கட்ட வேண்டும் என்று அர்த்தம். திருநெல்வேலிக் கிறிஸ்தவர்கள் சர்ச் என்பதைக் கோயில் என்றுதான் சொல்வார்கள். கோயிலுக்கு ஹிந்தியில் மந்திர். செல்வராஜ் அவருக்குத் தெரிந்த ஹிந்தியில் சரியாகத்தான் மொழிபெயர்த்திருந்தார்.

சார் உற்சாகமாகிவிட்டார். ஸ்கூட்டரில் போய் மனையைப் பார்த்து, ராத்திரியும் பகலுமாக ஒரு ஸ்கெட்ச் போட்டுவைத்தார். சனிக்கிழமை கமிட்டி வந்தது. நான் நாசிக்கிலிருந்து நேராக ஆபீஸுக்கு ஓடிவந்து மூச்சு வாங்க உட்கார்ந்தேன். அப்பா கோட்டு போட்டிருந்தார். செல்வராஜ் இஸ்திரி போட்ட சட்டையில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சார் தாளை விரித்தார். கருங்கல் தூண்கள், மூன்று பக்கமும் திறந்த சபாமண்டபம். மராத்தியர் கோயில்களில் ஜனங்கள் உட்கார்ந்து கீர்த்தனை கேட்கும் கூடம் அது. படிக்கு முன்னால் செருப்பு விடும் இடம், கால் கழுவக் குழாய், உள்ளே ஒரே சமமான தரை. மறுகோடியில் சின்னதாக ஒரு கர்ப்பகிருகம். சார் பென்சிலை அங்கே வைத்து, அன்பாக ஹிந்தியில் கேட்டார்: "இங்கே எந்த சுவாமி? முருகனா, பிள்ளையாரா?"

அப்பா ஆங்கிலத்தில், ஒவ்வொரு சொல்லாக, "நாங்கள் கிறிஸ்தவர்கள்" என்றார். சார் செல்வராஜைப் பார்த்தார்.

"ஆமா சாப்," என்றார் செல்வராஜ், "கோயில். மந்திர்."

அப்பா தமிழுக்குத் தாவிவிட்டார். "ஏம்ப்பா, சர்ச்னு ஒரு வார்த்தை இருக்கே. உலகத்துக்கே தெரிஞ்ச வார்த்தை. அது வாயில வராதா உனக்கு?"

"எங்க ஊர்ல கோயில்னுதான் சார் சொல்லுவோம். எங்க அப்பாவும் அம்மையும் கோயிலுக்குத்தான் போனாவ. சர்ச்சுக்குப் போனதில்ல."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கப் பார்த்து, இருமலாக்கி, கடைசியில் சிரித்தேவிட்டேன். அப்பா என்னைப் பார்த்த பார்வை இன்றைக்கும் நினைவிருக்கிறது. நான் நடந்ததை சாருக்கு மராத்தியில் விளக்கினேன், சண்டை உட்பட. சார் சிரிக்கவும் இல்லை, மன்னிப்புக் கேட்டுத் தாளைச் சுருட்டவும் இல்லை. ரப்பரை எடுத்துக் கர்ப்பகிருகத்தை மட்டும் அழித்தார். அந்த இடத்தில் ஒரு சின்ன நீள்சதுரம் போட்டு, "சர்ச்சில் முன்னால் மேஜை உண்டல்லவா?" என்றார். பிறகு தாளை அப்பா பக்கம் நகர்த்தி, தன் இரண்டு விரலையும் ஊன்றிக் காட்டி, "மாஸ்டர்சாஹேப், இது நீங்கள். ஞாயிற்றுக்கிழமை. நடங்கள்" என்றார்.

அந்த விரல் நடையை அவர் வேறொருவர் கையில் கொடுத்து அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்த்தேன். அப்பா தயங்கினார். பிறகு சாக்பீஸ் பிடித்துப் பழகிய அந்த விரல்கள் தாளில் இறங்கின. படியில் நிற்கவில்லை, ஷூவோடு ஏறின. ஆனால் நடுவில் போகவில்லை. தூண் வரிசைக்கு வெளியே, பக்கவாட்டிலேயே நடந்து, ஓரத்தில் நின்றன. "இங்கதான் ஒக்காருவேன். இங்க ஜன்னல் வரணும். வெளிச்சம் இருந்தாத்தான் வாசிக்க வரும்" என்றார். சார் அந்த இடத்தில் புள்ளி வைத்தார். அடுத்து செல்வராஜ். அவர் விரல்கள் படியருகே நின்றன, ஒரு விரலை மற்றொன்றால் உதறிச் செருப்பைக் கழற்றுவதுபோல் செய்துவிட்டு, நேராக நடுக்கூடத்துக்குப் போய் உட்கார்ந்தன. "எங்க சனம் இங்கனதான் இருக்கும்" என்றார்.

சார் இரண்டு நடையையும் வெகுநேரம் பார்த்தார். இரண்டு பாதையும் எங்கேயும் குறுக்கிடவில்லை. பிறகு தூண் வரிசையை ஒட்டி ஒரு கோடு இழுத்தார். கோட்டுக்கு வெளியே தரை ஒரு படி தாழ்வு, ஓரத்தில் ஜன்னல் வைத்த சுவர், அங்கே பெஞ்ச், ஷூவோடு வரலாம். கோட்டுக்கு உள்ளே ஒரு படி உயரம், அங்கே பாய், வெறும் கால். "வெள்ளைக்காரன் சர்ச்சிலும் நடுவில் கூடம், இரண்டு பக்கமும் தூண், தூணுக்கு அப்பால் நடை. எங்கள் சபாமண்டபத்திலும் அதேதான். மாஸ்டர்சாஹேபுக்குப் பழக்கமான கூர்வளைவைத் தூணுக்கும் தூணுக்கும் நடுவே கொடுத்துவிடலாம். அந்த சர்ச்சின் கல்லும் இதே ஊர்க் கல்தான்" என்றார்.

செல்வராஜ் முன்னால் குனிந்து பார்த்தார். அப்பாவும் குனிந்தார். கொஞ்சநேரத்தில் அப்பாவின் விரல்கள் தாமாகவே மறுபடி தாளில் ஏறின. பெஞ்சிலிருந்து எழுந்து, மேஜையை நோக்கி நடந்து, கோட்டருகே நின்றுவிட்டன. திருவிருந்தில் அப்பமும் ரசமும் வாங்க எல்லோரும் மேஜைக்கு முன்னால் போய் முழங்கால்படியிட வேண்டும். மேஜை இருப்பது உயரமான தரையில். அப்பா சாரை நிமிர்ந்து பார்த்தார். சார் அவருடைய ஷூவைப் பார்த்தார். பிறகு கோட்டை ஒட்டித் தாழ்வாக ஒரு கல் இருக்கையை வரைந்து, "லேஸ் அவிழ்க்க" என்றார்.

"பாக்கலாம்," என்றார் அப்பா. எங்கள் வீட்டில் அதற்குச் சம்மதம் என்று பொருள் கிடையாது. ஆனால் அன்றைக்கு அவர் மனையை விற்பதைப் பற்றிப் பேசவில்லை.

கட்டி முடித்தோம். கல் வேலைக்கு நான் தினமும் சைட்டில் நின்றேன். ஜன்னல்களில் பொருத்தும் இரும்புச் சட்டங்களை செல்வராஜின் ஆட்கள் ஷிப்ட் முடிந்து வந்து அவர்களே செய்தார்கள். பிரதிஷ்டை அன்று பர்வே சார் வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, யாரையும் கேட்காமல் பாயில் போய் உட்கார்ந்துகொண்டார். அப்பா ஷூவோடு வந்து பெஞ்சில் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்தார், வேதம் வாசித்தார், வெளிச்சம் சரியாக விழுந்தது. திருவிருந்து நேரம் வந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன், ஆனால் கண்ணை மூடவில்லை.

அப்பா எழுந்து அந்தக் கல் இருக்கையில் போய் உட்கார்ந்தார். ஒரு லேஸ் அவிழ்ந்தது. இன்னொன்று முடிச்சு விழுந்துவிட்டது. பின்னால் வரிசை நின்றது, பாயில் இருந்தவர்களும் எழுந்து நின்றார்கள். யாரும் முந்திப் போகவில்லை. பாய்க்காரர்களில் முன்னால் நின்ற செல்வராஜ், வேறெங்கோ பார்ப்பவர் மாதிரி கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். முடிச்சு ஒருவழியாக அவிழ்ந்து, அப்பா படியேறினார். வலது காலில் சாக்ஸ் ஓட்டை, கட்டைவிரல் வெளியே தெரிந்தது. அம்மாவுக்கு மானமே போய்விட்டது. எனக்கு அழுகை வந்தது, அதை மறைக்கவும் இல்லை.

வீட்டுக்கு வரும் வழியில் அப்பா சொன்னது ஒன்றே ஒன்று. "லேஸ் அவுத்துக் கட்டறதுக்குள்ள பாட்டே முடிஞ்சிடுது. அடுத்த வாரம் சப்பல் போட்டுக்கறேன்."

காவ்யா, உன் கேள்விக்கு வருகிறேன். எனக்கென்று ஒரு ஸ்டைல் இருந்ததாகத் தெரியவில்லை. வாகட்டில் நான் வரைந்த அடுக்குமாடிக்கு பில்டர் கேட்டார் என்று ரோமானியத் தூண் வைத்திருக்கிறேன், வெட்கமில்லை. ஆனால் அதே கட்டடத்தில் ஒவ்வொரு கதவுக்கும் பக்கத்தில் செருப்பு அலமாரிக்கென்று சுவரில் ஒரு மாடமும், கோலம் போட நடமாட்டம் படாத ஒரு மூலையும் இருக்கும். அவற்றுக்காக பில்டரிடம் நான் போட்ட சண்டை கொஞ்சமல்ல. தூண் என்னுடையது இல்லை, மாடமும் மூலையும் பர்வே சார் கொடுத்தவை. அவர் இப்போது இல்லை. அவருக்கு நான் பட்டிருக்கும் கடனை நேரில் சொன்னதில்லை, சொல்லியிருந்தால் தாளைக் குப்புறக் கவிழ்த்திருப்பார்.

இன்னும் ஒன்று சொல்லிவிடுகிறேன். கோயில் கட்டிச் சில வருஷம் கழித்து ஒரு ஞாயிறு. அன்றைக்கு வாசிப்பு அப்பாவுடையது. நானும் அம்மாவும் முன்னாலேயே வந்துவிட்டோம். மணி அடித்தாகிவிட்டது, அப்பாவைக் காணோம். நான் வாசலில் நிற்கிறேன், பக்கத்தில் செல்வராஜ் ரோட்டையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். கொஞ்சநேரத்தில் அப்பா வேர்க்க விறுவிறுக்க நடந்தே வந்தார். ரிக்ஷாக்காரன் கொண்டுபோய் மாருதி கோயில் வாசலில் இறக்கிவிட்டுப் போய்விட்டானாம்.

"நீங்க என்னப்பா சொன்னீங்க அவன்கிட்ட?"

அப்பா கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். "கசார்வாடி மந்திர்னு சொன்னேன்."

செல்வராஜ் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "ஏன் சார், சர்ச்னு ஒரு வார்த்தை இருக்குல்லா. உலகத்துக்கே தெரிஞ்ச வார்த்தை."

அப்பா செல்வராஜின் தோளைப் பிடித்துக்கொண்டு, ஒற்றைக் காலில் நின்று, செருப்பைக் கழற்றினார். பிறகு உள்ளே போய் வாசித்தார்.